ஒரு பாட்டுக்குள் உடல் தேறுமா?

('சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தை முன்வைத்து ஓர் அறிவியல் விமரிசனம்)

இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை நடந்துகொண்டிருந்தது. தாங்கியின் மேல் முனையில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட வேண்டும். எளிய வேலைதான். ஆனால் ஒரு மாணவன் அதைச் செய்ய முடியாமல் நின்றான். அவனுடைய கைகள் தோளுக்கு மேல் எழவில்லை.

"என்னப்பா, எங்காவது விழுந்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், எக்சர்சைஸ் பண்ணினேன்" என்றான்.

தனியே அழைத்து விசாரித்தபோது முழு விவரமும் வெளிவந்தது. குத்துச்சண்டைப் போட்டியில் சேர வேண்டும் என்று அவனுக்கும் நண்பர்கள் இருவருக்கும் ஆசை. 'சார்பட்டா பரம்பரை' படத்தின் பயிற்சிக் காட்சிகளைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அதுவரை தண்டால் எடுத்துப் பழக்கமில்லாதவன், முதல் நாளே நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறான். மறுநாளும் விடவில்லை. "வலித்தால்தானே சார் உடம்பு ஏறும்?" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "இரண்டு நாளாக ஒன்றுக்குப் போனால் டீ நிறத்தில் போகிறது" என்றான்.

அன்றே அவனை மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். அளவு மீறிய உழைப்பால் தசையிழைகள் சிதைந்து, அவற்றினுள் இருக்கும் மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் குருதியில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. கவனியாமல் விட்டால் சிறுநீரகம் செயலிழக்கும். நல்லவேளையாக அவன் தேறிவிட்டான்.

அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பார்த்து மகிழ்ந்த படத்தை நானும் பார்த்து மகிழ்ந்தவன்தான். ஆனால் அன்றிரவு அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை, இம்முறை ஓர் அறிவியல் ஆசிரியனின் கண்கொண்டு பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

படத்தின் நிறைகள்

2021 ஜூலையில் வெளியான இப்படத்தை இயக்கியவர் பா. ரஞ்சித். நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையும், அங்கே குத்துச்சண்டையை மானப் பிரச்சினையாகக் கருதி வளர்த்த பரம்பரைகளும் கதைக்களம். தாயின் தடையால் கையுறை அணியாமலே வளர்ந்த கபிலன் என்னும் தொழிலாளி, ரங்கன் வாத்தியாரின் மாணவனாகி, இடியாப்பப் பரம்பரையின் வேம்புலியை எதிர்த்து நிற்பதே கதை.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். குத்துச்சண்டை என்பது கையால் மட்டும் ஆடும் ஆட்டமன்று, காலால் ஆடும் ஆட்டம் என்பதை இப்படம் அழகாகக் காட்டுகிறது. டான்ஸிங் ரோஸ் என்னும் பாத்திரத்தின் கால்வரிசையை மறக்க முடியுமா? கண்ணால் பார்த்தே ஒருவன் ஆட்ட நுணுக்கங்களைப் பெருமளவு கற்கலாம் என்பதும் உண்மையே. கபிலன் உடலுழைப்புத் தொழிலாளி என்பதும் பொருத்தமானது. ஆண்டுக்கணக்கில் உழைத்த உடலுக்கு ஓர் அடித்தளம் இருக்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. படத்தின் பிற்பகுதியில் கபிலன் குடியில் விழுந்து, தொந்தி வைத்து, ஆண்டுக்கணக்கில் களத்தை விட்டே விலகிவிடுகிறான். பின்னர்ப் பீடி ராயப்பன் என்னும் பழைய ஆட்டக்காரரிடம் கடலோரத்தில் பயிற்சி பெறுகிறான். பாட்டு ஒலிக்கிறது. காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. பாட்டு முடியும்போது தொந்தி மறைந்து, மார்பு விரிந்து, வீரன் ஆயத்தமாக நிற்கிறான். 1976இல் வெளிவந்த 'ராக்கி' என்னும் அமெரிக்கப் படம் முதல் உலகெங்கும் பழகிப்போன உத்தி இது. கதையை விரைவாக நகர்த்த இதைவிட எளிய வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த உத்தி மூன்று பொய்களை நம்மை அறியாமலே நம் மனத்தில் விதைத்துவிடுகிறது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

பத்துக் கிலோவின் கணக்கு

முதலாவது, காலத்தைப் பற்றிய பொய். கபிலனின் உடலில் கூடிய கொழுப்பு பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. பத்துக் கிலோவில் 77,000. எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 80 கிலோ கலோரி. உணவில் மாற்றம் இல்லையென்றால், பத்துக் கிலோ கொழுப்பைக் கரைக்க அவர் 960 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை ஓடி, அங்கிருந்து திரும்பி மதுரைவரை ஓடுவதற்கு இது ஏறத்தாழச் சமம். நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் என்றால் மூன்று மாதங்களுக்கு மேலாகும். உணவைக் குறைத்தால் காலமும் குறையும். ஆனால் எப்படிக் குறைத்தாலும் அது வாரக்கணக்கில்தான் வரும். ஒரு பாட்டின் அளவுக்கு வராது. ஆற்றல் அழியா விதி கதாநாயகனுக்கென்று சலுகை காட்டுவதில்லை.

கொழுப்பு கரைவது ஒருபுறமிருக்க, இழந்த திறன் திரும்புவதற்கும் காலம் வேண்டும். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து சோதித்தார்கள். ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, அந்த மூன்றே வாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பிறகு எட்டு வாரப் பயிற்சியில் அது மீண்டும் உயர்ந்து, பழைய நிலையையும் தாண்டியது. உடல் இழந்ததை மீட்கும் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மூன்று வார இழப்பைச் சரிசெய்து முன்னேறுவதற்கே எட்டு வாரம் தேவைப்பட்ட இடத்தில், ஆண்டுக்கணக்கில் குடித்துச் சீரழிந்த உடலுக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பாத்திரத்தை ஏற்ற நடிகர் ஆர்யாவும் அவ்வுடலை ஒரே வாரத்தில் பெற்றிருக்க முடியாது. நடிகரின் உடலுக்கு வழங்கப்பட்ட காலம் கபிலனின் உடலுக்கு வழங்கப்படவில்லை. பார்க்கும் மாணவனோ கபிலனைப் பின்பற்றுகிறான், நடிகரைப் பின்பற்றுவதில்லை.

கற்பூரம், சுள்ளி, கட்டை

இரண்டாவது, கடுமையைப் பற்றிய பொய். பாட்டுக்குள் வரும் பயிற்சி எல்லாம் ஒரே கடுமையாக நமக்குத் தோன்றுகிறது. பல்லைக் கடிப்பது, வியர்வை தெறிப்பது, விழுந்து எழுவது. உண்மையில் வெவ்வேறு கடுமையிலான பயிற்சிகள் உடலுக்கு வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. உடலும் வெவ்வேறு விதமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தசையின் மூன்று எரிபொருள் வழிகளை அறிய வேண்டும்.

அடுப்பு மூட்டுவதை எண்ணிப் பாருங்கள். கற்பூரம் உடனே பற்றும், உடனே தீரும். தசையிலுள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டு அத்தகையது. ஒரு குத்துக்கோ தொடர்ந்து விழும் நாலைந்து குத்துகளுக்கோ அது உடனடியாக ஆற்றல் தரும். முழு வேகத்தில் சுமார் பத்து வினாடிக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அடுத்தது சுள்ளி. அது விரைந்து எரியும், ஆனால் புகையும். தசையிலுள்ள சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும் வழி இது. ஒன்றிரண்டு நிமிடம் மும்முரமாக எரியும். அப்போது லாக்டேட்டும் அமிலத்தன்மையும் பெருகித் தசை எரிவது போல் தோன்றும். மூன்றாவது கட்டை விறகு. மெதுவாகப் பற்றும், ஆனால் நின்று எரியும். ஆக்சிஜனைக்கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் வழி இதுவே.

குத்துச்சண்டை இவற்றுள் எதை மிகுதியாக நம்பியிருக்கிறது? கற்பூரத்தையும் சுள்ளியையும்தான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தலா இரண்டு நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகளாக, மிதமான மோதலுடன் நடத்தப்பட்ட ஒரு குத்துச்சண்டைச் சோதனையின் முடிவு 2014இல் வெளியாயிற்று. அதில் ஆற்றலின் 77 விழுக்காடு ஆக்சிஜன் வழியிலிருந்தும், 19 விழுக்காடு கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்தும், 4 விழுக்காடு மட்டுமே சுள்ளி வழியிலிருந்தும் வந்ததாகக் கண்டார்கள். காரணம் எளிது. குத்து ஒரு நொடியில் முடிந்துவிடும். அடுத்த குத்துக்கு முன் நகர்வதும், விலகுவதும், காத்திருப்பதும் பல நொடிகள். அந்த இடைவெளிகளில் தீர்ந்த கற்பூரத்தை மீண்டும் நிரப்பிக் கொடுப்பது கட்டை விறகின் நெருப்பே. நெஞ்சுத் திறன் குறைந்தவன் முதல் சுற்றில் இடியென இறங்குவான். மூன்றாம் சுற்றிலோ கையைத் தூக்கி முகத்தைக் காக்கவும் வலுவின்றி நிற்பான்.

மெதுவும் வேகமும்

அப்படியானால் மெதுவான ஓட்டம் மட்டும் போதுமா? போதாது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று 1996இல் வெளிவந்தது. ஜப்பானிய அறிஞர் இசுமி தபாடாவும் குழுவினரும் விளையாட்டில் பழகிய இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஆறு வாரம் நிலைமிதிவண்டியில் பயிற்சி தந்தார்கள். முதற்பிரிவினர் மிதமான வேகத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் மிதித்தார்கள். இரண்டாம் பிரிவினர் இருபது வினாடி மிகக் கடுமையாக மிதிப்பது, பத்து வினாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை மட்டுமே செய்தார்கள்; மொத்தம் நான்கே நிமிடம்.

முடிவு என்ன? முதற்பிரிவினரின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 53 மில்லிலிட்டரிலிருந்து 58ஆக உயர்ந்தது. ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் உழைக்கும் திறனில் மாற்றமே இல்லை. இரண்டாம் பிரிவினருக்கு முன்னது 48இலிருந்து 55ஆக உயர்ந்ததோடு, பின்னதும் 28 விழுக்காடு கூடியது. கட்டை விறகை மட்டும் எரித்தவனுக்குச் சுள்ளி எரிக்கும் ஆற்றல் வளரவில்லை என்பது பாடம்.

இந்த ஆய்வைக் காட்டி, 'நான்கே நிமிடத்தில் உடற்பயிற்சி' என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார்கள். அதுவும் சினிமாப் பாட்டைப் போன்ற ஒரு சுருக்கமே. அவ்விளைஞர்கள் புதியவர்கள் அல்லர், ஏற்கெனவே பழகியவர்கள் என்பதையும், கடுமைப் பிரிவினரும் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் மிதமாக மிதித்துவிட்டே சில சுற்றுகள் மட்டும் வேகமாகச் செய்தார்கள் என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

மிதமான, நீண்ட பயிற்சி என்ன செய்கிறது? குருதியின் நீர்மப் பகுதி முதல் வாரத்துக்குள்ளேயே பெருகத் தொடங்குகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் குருதியின் அளவு கூடுகிறது. தசையிழைகளைச் சுற்றி நுண்குழாய்கள் புதிதாகத் தோன்றுகின்றன. உயிரணுவுக்குள் ஆக்சிஜனைக்கொண்டு ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. எலிகளைப் பன்னிரண்டு வாரம் ஓடவிட்டு, அவற்றின் தசை மைட்டோகாண்டிரியாக்களின் நொதிகள் ஏறத்தாழ இரு மடங்காவதை ஜான் ஹொலோசி என்னும் அறிஞர் 1967இலேயே காட்டினார். கடும் பயிற்சியோ விரைவாகச் சுருங்கும் தசையிழைகளைத் தட்டி எழுப்புகிறது. அமிலத்தன்மையைத் தாங்கும் திறனை வளர்க்கிறது. நரம்புகள் ஒரே கணத்தில் பல இழைகளை இயக்கப் பழகுகின்றன. குத்தின் வேகம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் இவை எல்லாம் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. ஒரே வேகத்தில் நிகழ்வனவும் அல்ல. குருதிக்கு நாள் கணக்கு. மைட்டோகாண்டிரியாவுக்கும் நுண்குழாய்க்கும் வாரக் கணக்கு. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு மாதக் கணக்கு. தசை வலுவாகிவிட்டதென்று பாரத்தை ஏற்றுபவனுக்குத் தசைநாண் இன்னும் ஆயத்தமாகவில்லை. பயிற்சியாளர்கள் 'அவசரப்படாதே' என்று சொல்வதற்குப் பின்னால் இந்த வேறுபாடு இருக்கிறது.

இன்னொன்று. பயிற்சியின்போது உடல் வளர்வதில்லை, சிதைகிறது. அதன்பின் வரும் உணவிலும் உறக்கத்திலுமே அது செப்பனிடப்பட்டு முன்னிலும் சற்று வலுவாகிறது. பாட்டுக் காட்சியில் கதாநாயகன் உறங்குவதை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? உறக்கத்தைக் காட்டினால் தாளம் கெட்டுவிடும். ஆனால் உடல் தேறும் நேரம் அதுதான். உலகின் சிறந்த நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் என்னும் அறிஞர், அவர்களுடைய பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எளிய வேகத்திலேயே நடப்பதைக் கண்டார். குத்துச்சண்டைக்கு அதே விகிதம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள்தோறும் உச்சக் கடுமை என்பது எந்த விளையாட்டிலும் வெற்றிக்கு வழியன்று.

பழகாத ஓர் உறுப்பு

மூன்றாவது பொய்தான் மிகக் கொடியது. வாங்கிய அடி மனிதனை வலுவாக்கும் என்பது அது. இறுதிச் சண்டையில் கபிலன் முகத்திலும் தலையிலும் அடிமேல் அடி வாங்கி, பிறகு எழுந்து வெல்கிறான். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. நாமும்தான்.

தசை பழகும். இதயம் பழகும். எலும்பும் தன்மேல் விழும் பளுவுக்கேற்பத் தடிக்கும். மூளை மட்டும் பழகாது. 1985இல் இங்கிலாந்தின் கனரகக் குத்துச்சண்டை வீரர் பிராங்க் புரூனோவின் குத்தை ஓர் ஊசல் இலக்கில் அளந்தார்கள். ஊசலை வைத்து நாம் ஆய்வகத்தில் புவியீர்ப்பை அளக்கிறோம். அவர்கள் குத்தை அளந்தார்கள். அவருடைய கைமுட்டி வினாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கைத் தொட்டது. உச்ச விசை 4,000 நியூட்டனுக்கு மேல். அது ஒரு மனிதத் தலைக்குக் கொடுக்கக்கூடிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 53 மடங்கு என்று கணக்கிட்டார்கள். மண்டையோடு திடீரென்று திரும்பும்போது, உள்ளே மிதக்கும் மென்மையான மூளை நிலைமத்தால் பின்தங்குகிறது. நரம்பிழைகள் இழுபட்டு முறுக்குண்கின்றன. நியூட்டனின் முதல் விதியைப் பயிற்சியால் வெல்ல முடியாது. கழுத்துத் தசையை வலுவாக்கினால் தலை திரும்பும் வேகம் சிறிது குறையலாம், அவ்வளவுதான்.

குத்துச்சண்டை வீரர்கள் பிற்காலத்தில் தள்ளாடுவதையும் நினைவு குழம்புவதையும் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். நூற்றாண்டு நெருங்கும் இந்நாளிலும், பயிற்சிக் களங்களில் 'அடி வாங்கிப் பழகு' என்னும் பேச்சு ஓயவில்லை. போட்டியில் விழும் அடிகளை எண்ணுகிறோம். பயிற்சியில் தோழனின் கையுறையால் நாள்தோறும் விழும் அடிகளை யாரும் எண்ணுவதில்லை. ஆகவே கடுமையைக் கூட்டுவதாயின் ஓட்டத்தில் கூட்டலாம், மணல்மூட்டையில் கூட்டலாம். தலையில் விழும் அடியில் கூட்டக் கூடாது.

மாணவர்களுக்கும் இயக்குநர்களுக்கும்

இப்படம் ஒரு பாடநூல் அன்று, கலைப்படைப்பு. அதனிடம் பன்னிரண்டு வார அட்டவணையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் ஒரு மாலைப்பொழுதில் களைத்து உறங்கும் கபிலனையும், "இன்று போதும், போய்ப் படு" என்று சொல்லும் ஒரு வாத்தியாரையும் காட்டியிருந்தால் படம் எந்த வகையிலும் தாழ்ந்திருக்காது. பழைய வாத்தியார்களின் அறிவு, எப்போது முடுக்குவது என்பதில் மட்டும் இல்லை. எப்போது நிறுத்துவது என்பதிலும் இருந்தது. மரபைப் போற்ற வந்த படம் அந்த அறிவையும் காட்டியிருக்கலாம்.

பயிற்சி தொடங்க விரும்பும் மாணவர்களே, கருவி எதுவுமில்லாமல் கடுமையை அளக்க ஒரு வழி உண்டு. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது எளிய வேகம். இரண்டு மூன்று சொற்களே வந்தால் நடுத்தரம். பேச்சே வராவிட்டால் கடுமை. முதற்சில வாரங்கள் பேசிக்கொண்டே ஓடுங்கள். பிறகு வாரத்தில் ஓரிரு நாள் மட்டும், நல்ல பயிற்சியாளரின் கண்பார்வையில் கடுமையைச் சேருங்கள். வலி வேறு, களைப்பு வேறு. சிறுநீர் கருத்தாலோ, தலையில் அடிபட்டபின் தலைவலியோ மயக்கமோ தோன்றினாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அந்த மாணவன் அந்த ஆண்டுப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. இப்போது மாலை வேளைகளில் கல்லூரி மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடுகிறான். நண்பர்கள் இருவரும் கூடவே ஓடுகிறார்கள். மூவரும் ஓயாமல் பேசிக்கொண்டே ஓடுவது என் அறைச் சன்னல்வரை கேட்கிறது.